வாசகர் கேள்வி – பதில்: விக்ராந்த் தளத்திலிருந்து பறந்த அலீஸே

பழைய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலில் இருந்த அலீஸே நீர்மூழ்கி எதிர்ப்பு விமானத்தைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

அலீஸே எந்த நாட்டு விமானம்? அந்தப் பெயருக்கு என்ன பொருள்? – வாசகர், நாகர்கோவில்

பிரான்சின் ப்ரெகே நிறுவனம் கட்டியது. முதல் பறப்பு 1956 அக்டோபர் 6. பிரெஞ்சுக் கடற்படையில் 1959 முதல் 2000 வரை இருந்தது. புவியியல் பாடத்தில் வியாபாரக் காற்று என்று படித்திருப்பீர்கள், பிரெஞ்சில் அதற்குப் பெயர்தான் அலீஸே. கடல்மேல் விடாமல் ஒரே சீராக வீசும் காற்று அது. மணிக்கணக்கில் கடலைச் சுற்ற வேண்டிய விமானத்துக்குப் பொருத்தமான பெயர்.

விக்ராந்த் 1961 மார்ச் 4 அன்று பெல்ஃபாஸ்ட் நகரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. அதே மாதம் 21 அன்று, தென் பிரான்சின் இயேர் தளத்தில், அலீஸே விமானங்களுக்கான 310ஆம் படையணி தொடங்கியது. ‘கோப்ராஸ்’ என்பது படையணியின் பெயர். விமானத்தின் நீளம் 13.86 மீட்டர், இறக்கை விரிவு 15.6 மீட்டர். நிறைந்த எடை எட்டு டன்னுக்குச் சற்று மேல். மூக்கில் ஒரே ஒரு டர்போபிராப் எஞ்சின், ரோல்ஸ் ராய்ஸ் டார்ட், சுமார் 2,000 குதிரைத் திறன். கப்பலின் லிஃப்டிலும் ஹேங்கரிலும் இடம் போதாது என்பதால் இறக்கைகள் மடங்கும்.

அலீஸேயில் மூன்று பேர் எதற்கு? பைலட் ஒருவரே ரேடாரையும் பார்த்துக்கொள்ள முடியாதா? – வாசகி, திருச்சி

முடியாது. நீர்மூழ்கித் தேடலில் பைலட்டின் கண்ணும் கையும் கடல் மட்டத்திலிருந்து சில நூறு மீட்டர் உயரத்தைக் காப்பதிலேயே தீர்ந்துவிடும். நிலவில்லாத இரவில் கடலும் வானமும் ஒரே கறுப்பு. வெளியே பார்த்துப் பறந்தால் உடம்பு பொய் சொல்லும், கருவிகளை நம்பித்தான் பறக்க வேண்டும். மீன்பிடிப் படகின் ஒற்றை விளக்கை நட்சத்திரம் என்று எண்ணி இறக்கையைச் சாய்ப்பது இந்த வகைப் பறப்பின் பழைய ஆபத்து.

முன்னால் பைலட்டும் அப்சர்வரும் பக்கத்தில் பக்கத்தில். பின்னால் மூன்றாமவர், பறக்கும் திசைக்குப் பக்கவாட்டாகத் திரும்பிய இருக்கையில், கருவிகளைப் பார்த்தபடி. விமானம் எங்கே இருக்கிறது, கப்பல் எங்கே போய்க்கொண்டிருக்கிறது, ரேடாரில் தெரிந்த புள்ளி எது என்பதெல்லாம் அப்சர்வரின் பொறுப்பு. செயற்கைக்கோள் வழிகாட்டி இல்லாத காலம். காற்று விமானத்தை எவ்வளவு ஒதுக்குகிறது என்று கணித்து, வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டுத்தான் இடம் அறிய வேண்டும். கிளம்பிய இடத்துக்குத் திரும்பினாலும் பயனில்லை, கப்பல் அதற்குள் நகர்ந்திருக்கும். 18 நாட், அதாவது மணிக்கு 18 கடல் மைல் வேகத்தில் போகும் கப்பல் நான்கு மணி நேரத்தில் 72 கடல் மைல் தள்ளிப் போயிருக்கும். கப்பலும் தன் இடத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டிருக்காது. சொன்னால் எதிரிக்கும் கேட்கும். அலீஸே போன்ற விமானங்களில் திறமை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், முதலில் இந்த அப்சர்வரின் பென்சிலைச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கருத்து.

நீருக்குள் இருக்கும் கப்பலை ரேடார் எப்படிப் பார்க்கும்? – வாசகர், சேலம்

நீருக்குள் இருப்பதைப் பார்க்காது. ரேடியோ அலை உப்பு நீரில் இறங்குவதில்லை. ஆனால் டீசல் நீர்மூழ்கி பேட்டரியை ஏற்ற டீசலை ஓட்டியாக வேண்டும், டீசலுக்குக் காற்று வேண்டும். அதற்காக ஸ்நார்க்கல் என்ற குழாயை நீருக்கு மேலே நீட்டும். ரேடார் தேடுவது அந்தக் குழாயின் தலையை, அல்லது பெரிஸ்கோப்பை.

அலீஸேயின் ரேடார் வயிற்றுப் பகுதியில், இறக்கி ஏற்றக்கூடிய கூட்டுக்குள் இருந்தது. தேடும்போது கீழே இறக்கினால் நாலாபுறமும் மறைப்பில்லாமல் பார்க்கலாம். தரையிறங்கும் முன் உள்ளே இழுத்தாக வேண்டும்.

300 மீட்டர் உயரத்தில் பறந்தால் ரேடார் தொடுவானம் சுமார் 70 கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் ஸ்நார்க்கல் தெரியும் என்று அர்த்தமில்லை. அலைகளே ரேடாரில் எதிரொலிக்கும். கடல் கொந்தளிக்கும்போது அந்த எதிரொலிக் கூட்டத்துக்குள் குழாயின் சிறு புள்ளி மறைந்துபோகும். காற்றை எதிர்த்துப் பார்க்கும் திசையில் அலை எதிரொலி அதிகம், காற்று போகும் திசையில் குறைவு. உயரம் கூடினால் தொடுவானம் விரியும், அலை எதிரொலியும் கூடும். ஆகவே உயரத்தையும் திசையையும் அன்றைய கடலைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ரேடார் அடிக்கும் அலை போய்த் திரும்ப வேண்டும், நீர்மூழ்கிக்கோ அது ஒருவழியாக வந்தாலே போதும். அதனால் விமானம் தன்னைக் காண்பதற்கு வெகுமுன்பே நீர்மூழ்கி விமானத்தின் ரேடாரைக் கேட்டுவிடும். கேட்டதும் ஸ்நார்க்கலை இழுத்துக்கொண்டு அமிழும். இதைத் தோல்வி என்று நினைக்கக் கூடாது. பேட்டரி ஏற்ற விடாமல் மறுபடி மறுபடி அமிழ்த்திக்கொண்டே இருந்தால், அது மெல்ல ஊர்வதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. கப்பற்படையை நெருங்கித் தாக்கும் நிலைக்கு வராது. ஒரு நீர்மூழ்கியைக்கூடக் கண்ணால் பார்க்காமலே ஒரு குழு தன் வேலையைச் சரியாகச் செய்திருக்க முடியும். குடும்பத்தார் “எத்தனை நீர்மூழ்கியைப் பிடித்தீர்கள்?” என்று கேட்டால் பழைய குழுவினருக்குப் பதில் சொல்வது கடினம். கேள்வியே அந்த வேலைக்குப் பொருந்தாதது.

1971 டிசம்பர் பாகிஸ்தான் போரில் நம் கடற்படைக் கப்பல் குக்ரி மூழ்கிய பிறகு, தாக்கிய நீர்மூழ்கியைப் பிடிக்க முடியாமல் போனது ஏன்? – வாசகர், விருதுநகர்

டிசம்பர் 9 இரவு, தியூ அருகே குக்ரியைத் தாக்கியது பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி. அதன்பின் பல நாள் நடந்த தேடலில் அது தப்பிவிட்டது. காரணத்தை ஒரு கணக்கில் காட்டலாம்.

நீர்மூழ்கி கடைசியாக இருந்த இடம் நமக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அது 5 நாட் வேகத்தில், தெரியாத திசையில் போகிறது. அரை மணி கழித்து அது 2.5 கடல் மைல் ஆரமுள்ள வட்டத்துக்குள் எங்கோ இருக்கும், பரப்பு சுமார் 20 சதுர கடல் மைல். ஒரு மணி கழித்து 79. இரண்டு மணி கழித்து 314. நான்கு மணி கழித்து 1,250க்கு மேல். நேரம் இரண்டு மடங்கானால் தேட வேண்டிய பரப்பு நான்கு மடங்காகும். முதல் அரை மணியில் விமானம் அந்த இடத்துக்கு மேலே இல்லையென்றால், பிறகு எத்தனை விமானம் வந்தாலும் வட்டம் வேகமாக ஓடிவிடும். விமானந்தாங்கிக் கப்பலில் இத்தகைய விமானத்தை வைத்திருப்பதன் காரணமும் இதுவே: கரையிலிருந்து வரும் நேரம் மிச்சம். அந்தப் போரில் விக்ராந்த் வங்கக் கடலில் இருந்தது, குக்ரி மூழ்கியது அரபிக் கடலில்.

அதே மாதம் மேற்குக் கடற்பரப்பில் ஓர் அலீஸே, பாகிஸ்தானின் எஃப்-104 ஜெட் போர் விமானத்தால் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த மூவரும் திரும்பவில்லை. அலீஸேயின் உச்ச வேகம் மணிக்கு சுமார் 520 கிலோமீட்டர். ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வரும் ஜெட்டிடமிருந்து ஓட அதற்கு வழியே இல்லை. போர் விமானத் துணையின்றிப் பகைக் கடற்கரைப் பக்கம் போகும் ஒவ்வொரு ரோந்து விமானக் குழுவும் இதைத் தெரிந்துதான் போகிறது.

சோனோபோய் எப்படி வேலை செய்கிறது? போட்டதைத் திரும்ப எடுப்பார்களா? – பள்ளி மாணவர், தஞ்சாவூர்

எடுப்பதில்லை. நீருக்கடியில் எழும் ஒலியைக் கேட்க விமானத்திலிருந்து கடலில் போடும் குழாய் மிதவை அது. இன்று பரவலாக உள்ள அளவு 12.4 சென்டிமீட்டர் விட்டம், 91 சென்டிமீட்டர் நீளம். விமானத்திலிருந்து விழும்போது சிறு பாராசூட் அதன் வேகத்தைக் குறைக்கும். கடலைத் தொட்டதும் உப்பு நீர் புகுந்து பேட்டரி உயிர் பெறும். மேல் பகுதி மிதந்து ஆன்டெனாவை நீட்டும். கீழ்ப் பகுதியிலிருந்து ஹைட்ரோஃபோன், அதாவது நீருக்கடி மைக், கம்பியில் தொங்கியபடி குறித்த ஆழத்துக்கு இறங்கும். அது கேட்பதை மிதவை தனக்கென உள்ள ரேடியோ அலைவரிசையில் விமானத்துக்கு அனுப்பும். விதித்த நேரம் முடிந்ததும் தானே நீர் புகுந்து மூழ்கிவிடும்.

அலீஸேயில் இவற்றை வைத்த இடம் அருமையானது. சக்கரங்கள் பின்பக்கமாக மடங்கி இறக்கையில் உள்ள இரண்டு கூடுகளுக்குள் போகும். அந்தக் கூடுகளின் முன்பகுதியில் சோனோபோய்கள். ஒரே கூடு இரண்டு வேலை.

அக்காலத்து எளிய மிதவை சத்தம் இருக்கிறது என்று சொல்லுமே தவிர, எந்தப் பக்கம் என்று சொல்லாது. மூன்று நான்கு மிதவைகளை இடைவெளி விட்டுப் போட்டு, எதில் சத்தம் கூடுகிறது, எதில் குறைகிறது என்று ஒப்பிட்டுத் திசையை ஊகிப்பார்கள். டீசல் ஓடினால் நன்றாகக் கேட்கும். பேட்டரியில் மெல்லப் போனால் கேட்பது மிக அரிது. புரொப்பெல்லர் இலைகள் நீரை அடிக்கும் தாளத்தை எண்ணினால் சுழல் வேகம் கிடைக்கும், அதிலிருந்து கப்பல் வேகம். பக்கத்தில் சரக்குக் கப்பல் ஒன்று போனால் இத்தனையும் அதன் இரைச்சலில் அடிபட்டுப் போகும்.

பெரிய எதிரி கடலின் வெப்ப அடுக்கு. ஒலி எங்கே மெதுவாகப் போகிறதோ அந்தப் பக்கம் வளையும். நீரின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஒலி வேகம் நொடிக்கு ஏறக்குறைய 3 மீட்டர் கூடும். ஆழம் 100 மீட்டர் கூடினால் ஏறக்குறைய 1.7 மீட்டர்தான் கூடும். எனவே மேலே வெதுவெதுப்பான அடுக்கும் கீழே குளிர்ந்த நீரும் இருந்தால், எல்லையில் ஒலி கீழ்நோக்கி மடங்கிவிடும். ஹைட்ரோஃபோன் மேல் அடுக்கில் தொங்க, நீர்மூழ்கி எல்லைக்குக் கீழே இருந்தால், பக்கத்தில் இருந்தாலும் கேட்காமல் போகலாம். காற்றில்லாத வெயில் நாளில் காலையில் நன்றாகக் கேட்ட கடல் பிற்பகலில் ‘செவிடாகி’விடும், மேல்மட்ட நீர் சூடாவதால். நம் வெப்பக் கடல்களில் இதை அறியாமல் ஆழம் வைத்தால் மிதவைகள் அத்தனையும் வீண். அதனால் முதலில் நீரின் வெப்பத்தை ஆழவாரியாக அளந்துகொள்வது நல்ல பழக்கம்.

அலீஸேயின் வாலில் காந்த உணரி இருந்ததா? – வாசகர், ஈரோடு

இல்லை. நீர்மூழ்கியின் இரும்பால் காந்தப் புலத்தில் வரும் மாற்றத்தை அறிவது காந்த உணரி. வாலிலிருந்து நீளும் அந்த உணரிக் கம்பு அமெரிக்காவின் டிராக்கர் விமானத்தில் இருந்தது. அது இரட்டை எஞ்சின், நான்கு பேர், பெரிய விமானம். படங்களில் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். மூக்கில் ஒற்றை புரொப்பெல்லர் என்றால் அலீஸே.

அவ்ரோ விமானத்திலும் டார்ட் எஞ்சின்தானே? கடலில் அதற்கு என்ன பிரச்சினை வரும்? – ஓய்வுபெற்ற விமான மெக்கானிக், சென்னை

ஆம். கான்பூரில் கட்டிய அவ்ரோ 748-இலும் டார்ட்தான், அங்கே இரண்டு. விசில் போன்ற அந்தக் கூரிய சத்தம் நீங்கள் அறிந்ததே. டார்ட்டின் கம்ப்ரஸர் மையவிலக்கு வகை, தடித்த சக்கரம், சிறு அடிகளைத் தாங்கும். ஆனால் உப்பு வேறு வகைத் தொல்லை.

தாழப் பறக்கும்போது நுண்ணிய உப்புத் திவலைகள் உள்ளே போய்க் கம்ப்ரஸர் இலைகளில் படியும். காற்றோட்டம் குறையும். அடையாளம்: அதே எரிபொருளுக்குச் சுழற்று விசை (டார்க்) குறைகிறது, டர்பைன் வெப்பம் ஏறுகிறது. உப்பை விட்டுவைத்தால் ஈரம் சேர்ந்து உலோகத்தில் குழி விழும். அதற்கான மருந்து நல்ல நீர். எஞ்சின் ஆறிய பிறகு, தீப்பொறி கொடுக்காமல் ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றி, கனிமம் நீக்கிய நீரை நுழைவாயில் வழியே தெளிக்க வேண்டும். நீரை வடியவிட்டு, பிறகு எஞ்சினைச் சற்று நேரம் ஓட்டி உலர்த்த வேண்டும். உலர்த்தாமல் மூடி வைத்தால் கழுவியதே கேடாகும். ஸ்டார்ட்டரை விடாமல் சுழற்றினால் அது சூடாகும், இடைவெளி விட வேண்டும். குழாய் நீரைப் பயன்படுத்தினால் அதன் சுண்ணாம்பும் படியும்.

டார்ட் குடும்பத்தில் இன்னொன்று, புரொப்பெல்லரின் பிட்ச் தடை, அதாவது இலைகளின் கோணத்துக்கு வைத்த தடை. தரையில் எஞ்சினை எளிதாகச் சுழற்ற இலைகள் கிட்டத்தட்டத் தட்டையாக நிற்கும். பறக்கும்போது அவை அந்த நிலைக்குப் போகாமல் ஒரு தடை பிடித்திருக்கும். வானில் அந்தத் தடை விலகினால் புரொப்பெல்லர் பெரிய வட்டத் தட்டைப் போலக் காற்றைத் தடுக்கும். ஒற்றை எஞ்சின் விமானம், தாழ்ந்த உயரம், கீழே கடல். அந்தத் தடையின் விளக்குகளைப் புறப்படும் முன் சரிபார்ப்பதை யாரும் அவசரத்தில் விடுவதில்லை.

வெப்ப நாடுகளில் கப்பல் தளத்தில் இறங்குவது கடினம் என்கிறார்களே? – வாசகி, மதுரை

உண்மை, அதை எண்ணிலேயே காட்டலாம். 15 டிகிரியை விட 35 டிகிரியில் காற்றின் அடர்த்தி சுமார் 6.5 சதவீதம் குறைவு. அதே தூக்கு விசைக்கு உண்மை வேகம் 3 சதவீதத்துக்கு மேல் கூட வேண்டும். எஞ்சின் திறனும் அதே நேரத்தில் குறைகிறது.

இதற்கு மேல் காற்று. தளத்தின் மேல் வீசும் காற்று என்பது இயற்கைக் காற்றும் கப்பல் வேகமும் சேர்ந்தது. எளிய எண்களாக, விமானம் 90 நாட் வேகத்தில் வருகிறது என்று கொள்வோம். தளக் காற்று 25 நாட் என்றால், விமானத்தை நிறுத்தத் தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியை வாலடி ஹூக் (கொக்கி) பிடிக்கும்போது தளத்தோடு ஒப்பிட்ட வேகம் 65. காற்று 15 நாட்டாகக் குறைந்தால் 75. வித்தியாசம் பத்து நாட்தான், ஆனால் கம்பி தாங்க வேண்டிய ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 1971-இல் விக்ராந்தின் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல் இருந்ததால் கப்பல் முழு வேகத்தில் ஓட முடியவில்லை. காற்றில்லாத நாளில் இது எத்தகைய கவலை என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

இறங்கும்போது பைலட் பார்ப்பது மூன்று: தளத்தில் வைத்த கண்ணாடியில் தெரியும் ஒளிப்பந்து, தளத்தின் நடுக்கோடு, வேகம். பந்து பச்சை விளக்கு வரிசைக்கு மேலே போனால் விமானம் உயரத்தில், கீழே போனால் தாழ்வில். இறங்கும் தளம் கப்பலின் போக்குக்குச் சற்று இடப்பக்கம் திரும்பியிருப்பதால், கப்பல் முன்னேற முன்னேற நடுக்கோடு பைலட்டின் கண்ணுக்கு வலப்பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒருமுறை நேர்ப்படுத்தினால் போதாது, கடைசிவரை சிறுசிறு திருத்தம் வேண்டும்.

1971-இல் அலீஸே குண்டும் போட்டதா? – வாசகர், புதுக்கோட்டை

போட்டது. டிசம்பர் 4 முதல் விக்ராந்தின் சீ ஹாக் ஜெட்களும் அலீஸேகளும் காக்ஸ் பஜார், சிட்டகாங் முதலிய இடங்களைத் தாக்கின. அலீஸேயில் வயிற்று அறையிலும் இறக்கைக்கு அடியிலும் ஆயுதம் ஏற்றலாம்: டார்பிடோ, ஆழக்குண்டு, ராக்கெட். ரேடாரும் நீண்ட பறப்பு நேரமும் இருந்ததால், துறைமுகங்களை முற்றுகையிட்டபோது கப்பல்களைத் தேடிப் பார்க்கவும் அதுவே வசதி.

ஏன் நிறுத்தினார்கள்? – வாசகர், வேலூர்

கேட்டபல்ட், அதாவது விமானத்தைத் தளத்திலிருந்து உந்தி ஏவும் கருவி, போனதால். 1980களின் இறுதியில் விக்ராந்தில் நீராவிக் கேட்டபல்ட்டை எடுத்துவிட்டு, சீ ஹாரியர் ஜெட்டுக்காக முன்பக்கம் மேல்நோக்கி வளைந்த தளம் அமைத்தார்கள். அலீஸேயை அப்படி ஏவ முடியாது. கடைசி சில ஆண்டுகள் கரையிலிருந்து பறந்து, 1991-இல் ஓய்வு பெற்றது. சோனாரைக் கம்பியில் நீருக்குள் இறக்கிக் கேட்கும் சீ கிங் ஹெலிகாப்டர் அதற்குள் வேலையை எடுத்துக்கொண்டிருந்தது. இன்று நெடுந்தூரத் தேடலுக்கு அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து பி-8ஐ (P-8I) ரோந்து விமானம் பறக்கிறது.

அப்பா அலீஸேயில் ஏர்க்ரூவாக இருந்தவர். எண்பதைத் தாண்டிவிட்டார். அவர் நினைவுகளைப் பதிவு செய்ய நினைக்கிறேன், எப்படித் தொடங்குவது? – வாசகி, கோவை

இந்த மாதமே தொடங்குங்கள். முதலில் பறப்புப் பதிவேடு இருக்கிறதா என்று தேடுங்கள். தேதி, விமான எண், உடன் பறந்தவர், பணி, பகல் மணி, இரவு மணி என்று வரிசையாக இருக்கும். அதுதான் முதுகெலும்பு. எல்லாப் பக்கத்தையும், காலிப் பக்கம் உட்பட, ஜன்னல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து படம் எடுங்கள். புகைப்படங்களை ஸ்கேன் செய்வதானால் 600 டிபிஐ. லேமினேட் செய்யவே கூடாது. ஒட்டும் ஆல்பத்தில் இருக்கும் படத்தைப் பிய்க்காதீர்கள், ஆல்பத்தோடு படமெடுங்கள். பெயர்களைப் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பேனா மறுபக்கம் ஊறும்.

குரல் பதிவுக்குச் செல்போன் போதும். வாயிலிருந்து ஒரு முழத்துக்குள், மேசையில் துணி விரித்து அதன்மேல் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். ஒரு அமர்வு 40 நிமிடம் போதும். டார்ட்டின் சத்தத்தோடு ஆண்டுக்கணக்கில் இருந்தவர்களுக்குக் காது மந்தமாகியிருக்கலாம், எதிரே உட்கார்ந்து அவர் உங்கள் வாயைப் பார்க்கும்படி கேளுங்கள்.

“எப்படி இருந்தது, அப்பா?” என்று கேட்டால் “நன்றாக இருந்தது” என்பதோடு முடிந்துவிடும். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, அவர் உட்கார்ந்த இடத்தை வரையச் சொல்லுங்கள். வலது கை எட்டும் இடத்தில் என்ன இருந்தது? ஹெட்ஃபோன் எங்கே மாட்டியிருக்கும்? பக்கவாட்டாக உட்கார்ந்தவருக்குத் தளத்தில் கம்பி பிடிக்கும் அந்த நொடி எந்தத் தோளில் இழுத்தது? கை நினைவு வைத்திருப்பதை வாய் பிறகு சொல்லும். அடுத்த அமர்வில் பதிவேட்டின் ஒரு வரியைப் படித்துக் காட்டி, அந்த நாளைக் கேளுங்கள். தேதியில் பதிவேடும் நினைவும் முரண்பட்டால் அவரைத் திருத்தாதீர்கள், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அலைவரிசை, செயல்முறை போன்றவற்றைச் சொல்ல மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அலுவல் ரகசியச் சட்டம் ஓய்வுக்குப் பிறகும் பொருந்தும்.

இன்று அலீஸேயை எங்கே பார்க்கலாம்? – பலர்

கோவாவில், டபோலிம் அருகே உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. போனால் முன்பக்கம் மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். இறக்கையின் முன்விளிம்பைத் தாண்டி நீளும் இரண்டு கூடுகளையும் பாருங்கள். பிறகு வாலுக்கு அடியில் குனிந்து ஹூக்கைப் பாருங்கள். தளக் கம்பியைப் பிடித்து எட்டு டன் விமானத்தைக் கப்பலில் நிறுத்தியது அந்த ஒற்றைக் கொக்கிதான்.